தொண்டையோடு நின்றுபோன மருந்து

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நான் பாதியில் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ வெளியே நின்று, "ஏம்மா, என்னாச்சு? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்று கேட்டாய். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு பாகலூர் ரோட்டில் இருக்கும் உன் வீட்டுக்குப் போய்விட்டாய். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். கத்தினால் உனக்குச் சத்தம்தான் கேட்டிருக்கும், காரணம் புரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து எழுதினால் கோபம் தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை. அப்படியே படித்துக்கொள்.

நீ சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். "தூள் சைஸ் ரெண்டு தடவ ஃபெயிலுமா. மூணாவது தடவ மெஷின்ல பிரஷர ஏத்தி ஓட்டுனோம், பாஸ் ஆயிடுச்சு. வியாழக்கெழம லோடு போவுது. புது போஸ்ட்டுக்கு வந்து நான் போட்ட மொத கையெழுத்து." சொல்லிவிட்டுச் சிரித்தாய். உங்கப்பாவும் சிரித்தார். அவருக்கு லேத் தெரியும், லேப் தெரியாது. மகன் கையெழுத்தில்லாமல் இனி அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி வெளியே போகாது என்ற சந்தோஷம் அவருக்கு. நீ ரசத்துக்குத் தட்டை நீட்டினாய். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மூச்சில் இழுக்கிற மருந்தைப் பற்றி உனக்குப் பாடம் நடத்த நான் வரவில்லை. நீ படித்தவன். ஐந்து மைக்ரானுக்குக் கீழே இருந்தால்தான் தூள் நுரையீரலுக்குள் இறங்கும், அதற்கு மேலே போனால் நாக்கிலும் தொண்டையிலும் மோதி நின்றுவிடும், ஒன்றுக்கும் கீழே பொடிந்துபோனால் பெரும்பகுதி உள்ளே தங்காமல் வெளிவிடும் மூச்சோடே திரும்பி வந்துவிடும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பாய். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவு. கண்ணுக்குத் தெரியாது, விரலில் தேய்த்தால் மாவு மாதிரிதான் இருக்கும். பெரிய துகள் வேகமாகப் போகிற வண்டி மாதிரி, தொண்டையில் வளைவு வரும்போது திரும்பத் தெரியாமல் நேரே சுவரில் மோதிவிடும். சின்னத் துகள் காற்றோடு காற்றாக வளைந்து கீழே இறங்கிவிடும். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவு விஷயத்தில்தான் ஒருவருக்கு மூச்சு வருவதும் வராததும் இருக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்துவிட்டால் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு எட்டு வயது நடந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது நாம் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் லைன் வீட்டில் இருந்தோம். பின்பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறை. துணி காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் சாம்பல் பூசினாற்போல ஆகிவிடும். கார்த்திகை மார்கழியில் ஓசூர் பனியும் சேர்ந்துகொள்ளும். உனக்கு அந்த வீட்டில்தான் இழுப்பு ஆரம்பித்தது. யோசித்துப் பார், கல் அறுக்கிற தூசி எந்தச் சோதனையும் இல்லாமல், யார் கையெழுத்தும் இல்லாமல், நேராக எட்டு வயதுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதைச் சரிபண்ண வேண்டிய மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது.

அந்த மருந்தை நான் வேலை பார்த்த கம்பெனிதான் செய்தது. தொழிற்பேட்டைக்குள் இருந்த சின்னக் கம்பெனி, இப்போது இல்லை. மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கிற மருந்தைக் காற்றின் வேகத்தில் அரைத்து, பால் சர்க்கரைத் தூளோடு கலந்து, கேப்ஸ்யூலில் அடைத்து விற்பார்கள். நான் லேபில் இருந்தேன். அரைத்த தூளை லேசர் மெஷினில் போட்டு அளவு பார்ப்பது என் வேலை. ஊழியர்களுக்கு அந்தக் கேப்ஸ்யூல் கம்பெனியிலேயே கிடைக்கும். டாக்டர் உனக்கு அதையே எழுதிக்கொடுத்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? என் பிள்ளைக்கு நானே பார்த்துப் பார்த்து அனுப்புகிற மருந்து என்று.

அந்த ஐப்பசியில் ஒரே ஓட்டத்தில் அரைத்த ஒரு பேட்ச். அரைவை மெஷினை ஓட்டியவர் முனிராஜு, தளி பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். காலையிலேயே லேப் கதவைத் தட்டி வந்து நின்றார். "மேடம், கம்ப்ரஸர்ல காத்து இல்லா. பக்கத்து லைனுக்கும் அதே கம்ப்ரஸர்தான் ஓடுது. தூள் சரியா அரையல. நான் சூப்பர்வைசருக்குச் சொன்னேன், ஓட்டுன்னு சொல்றாரு. நீங்க டெஸ்ட்ல புடிங்க மேடம்." அந்த மனிதர் பத்தாவது தாண்டாதவர். தூளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தே தெரிந்துகொண்டார். நான் மெஷினில் போட்டேன். பெரும்பகுதி ஐந்தைத் தாண்டி ஒன்பதுக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டாவது தடவையும் அதேதான். ஃபெயில் என்று எழுதிக்கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

அவர் பேப்பரைப் பார்க்கக்கூட இல்லை. "ஏம்மா, மழைக்காலம். ஈரத்துக்குக் கட்டி கட்டியா இருக்கும். மெஷின்ல பிரஷர ஏத்தி ஓட்டிப் பாரும்மா, ஒடைஞ்சிடும்" என்றார். எனக்கு அப்போதே தெரியும், அது கட்டி இல்லை என்று. அரையாத துகள். அழுத்தத்தை ஏற்றினால் அளக்கிற மெஷினே அந்தத் துகளை அடித்து நொறுக்கி, நொறுங்கினதை அளந்து, பாஸ் என்று காட்டும். தெரிந்தும் திருகினேன். மூன்றாவது தடவை பாஸ் ஆனது. கையெழுத்துப் போட்டேன். கேப்ஸ்யூலை உறிஞ்சிப் பார்க்கிற இன்னொரு சோதனை உண்டு, அதற்கு இரண்டு நாள் பிடிக்கும் என்று பத்து பேட்ச்சுக்கு ஒன்றுதான் செய்வார்கள். இந்த பேட்ச் அந்தப் பத்தில் ஒன்றாக இல்லை. அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வரும்போது, நாளைக்கு உனக்கு ஸ்கூலில் கட்டவேண்டிய ஃபீஸைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மனசு உறுத்தியதாகப் பொய் சொல்ல மாட்டேன். உறுத்தவில்லை.

அடுத்த மாதம் உனக்கு வாங்கிவந்த டப்பா அந்த பேட்ச். அப்போது நான் நம்பரைப் பார்க்கவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். இருக்கக்கூடாது என்றும் நினைக்கிறேன். இழுப்பு குறைவதற்குப் பதிலாக ஏறியது. மாடிப்படி ஏற முடியவில்லை. டாக்டர் உன்னை ஒருமுறை உறிஞ்சச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பையன் சரியா உறிஞ்ச மாட்டேங்கறான். மருந்து நல்ல மருந்துதான். டெக்னிக்தான் சரியில்ல. வீட்ல பழக்குங்க" என்றார். வீட்டில் பழக்கினேன். அந்தப் பிளாஸ்டிக் கருவியில் கேப்ஸ்யூலைச் செருகித் திருகி உன் வாயில் வைத்து, "வேகமா உறிஞ்சு. இன்னும் வேகமா. காபி உறிஞ்சற மாதிரியாடா உறிஞ்சுவாங்க?" என்று தினம் காலையும் ராத்திரியும் கத்தினேன். நீ கன்னம் ஒட்ட உறிஞ்சுவாய். தூள் தொண்டையில் பட்டு இருமுவாய். இருமினால் மருந்து வீண் என்று முதுகில் அடிப்பேன். ஒருநாள் நீ, "அம்மா, நான் நல்லாத்தான் உறிஞ்சறேன். அது உள்ள போவ மாட்டேங்குது" என்றாய். பொய் சொல்கிறாய் என்று கன்னத்தில் அறைந்தேன். அழுதாய். அழுததில் மூச்சு இன்னும் இழுத்தது. அதற்கும் திட்டினேன்.

எட்டு வயதுப் பிள்ளை. அரையாத துகளைத் தன் நெஞ்சு பலத்தில் நொறுக்கிக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து எதிர்பார்த்தோம். மெஷினுக்குப் பின்னால் காற்று அழுத்திக் கொடுக்கக் கம்ப்ரஸர் இருந்தது. உனக்கு என்ன இருந்தது? விலா எலும்பு எண்ணுகிறாற்போல ஒரு நெஞ்சு. டாக்டர் உன்னைக் குற்றம் சொன்னார், நான் உன்னை அடித்தேன். தூளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூளுக்குத்தான் பாஸ் என்று சர்ட்டிபிகேட் இருந்ததே. அது என் கையெழுத்துப் போட்ட சர்ட்டிபிகேட்.

கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் நீ தனியாக ஒரு பாட்டுப் பாடுவதாக இருந்தது. ஒரு மாதமாகப் பழகியிருந்தாய். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் உன் குரல் கட்டிப்போனது. தகரத்தைத் தேய்க்கிறாற்போல வந்தது. பாட்டு மாஸ்டர் வேறு பிள்ளையைப் போட்டுவிட்டார். நீ அழவில்லை, சாப்பிட மாட்டேன் என்று மட்டும் சொன்னாய். வாயைத் திற என்று பார்த்தேன். நாக்கிலும் மேலண்ணத்திலும் தயிர் ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாகத் திட்டு. உறிஞ்சியதும் வாய் கொப்பளிக்கச் சொன்னேனே, கொப்பளிக்கவில்லையா என்று அதற்கும் கையை ஓங்கினேன். ஓங்கின கை அப்படியே நின்றது. இந்த மருந்து வாயில் தங்கினால் அப்படித்தான் வெள்ளை படரும், குரல் கட்டும். கொப்பளித்தும் வருகிறது என்றால் எவ்வளவு தங்கியிருக்க வேண்டும்? நெஞ்சுக்குப் போகவேண்டியது முழுக்க உன் வாயிலும் தொண்டையிலும் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை பொய் சொல்லவில்லை. அது உள்ளே போகவில்லை.

டப்பாவைத் திருப்பி நம்பரைப் பார்த்தேன். எனக்கு அந்த நம்பர் மனப்பாடம்.

மறுநாள் அந்த டப்பாவை டிபன் பையில் வைத்து லேபுக்குக் கொண்டுபோனேன். உறிஞ்சிப் பார்க்கிற சோதனைக் கருவி ஒன்று மூலையில் உறைபோட்டு இருந்தது. மேலே தொண்டை மாதிரி வளைந்த உலோகக் குழாய், கீழே அடுக்கடுக்காகத் தட்டுகள், அடியில் காற்றை இழுக்கிற பம்ப். பெரிய துகள் வளைவிலேயே ஒட்டிக்கொள்ளும், சின்னதாகச் சின்னதாகக் கீழ்த் தட்டுக்கு இறங்கும். மனிதனுடைய மூச்சுப் பாதையை இரும்பில் செய்து வைத்தாற்போல இருக்கும். உன் கேப்ஸ்யூல்களை ஒவ்வொன்றாக அதில் போட்டு ஓட்டினேன். தட்டுகளைக் கழுவி அளக்க இரண்டு நாள் ஆனது. நெஞ்சுக்குச் சமமான கீழ்த் தட்டுகளைக் கழுவின தண்ணீரில் மருந்து இருப்பதே தெரியவில்லை. எல்லாம் அந்த வளைவில் இருந்தது.

மேனேஜரிடம் போனேன். "ஒரு புள்ளைக்கு ஒத்துக்கலன்னா பேட்ச்சே கெட்டதாம்மா?" என்றார். நான் எண்களைக் காட்டினேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "கையெழுத்து யாருது? நான் போட்டனா? நீங்கதான டெஸ்ட் பண்ணி பாஸ்னு எழுதுனீங்க? யோசிச்சுப் பேசுங்க." குரலை உயர்த்தவே இல்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

இனி சொல்வதுதான் கேவலம். அன்றைக்கே வேறு கம்பெனி மருந்து வாங்கி உனக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வாரம் நீ ராத்திரி முழுக்கத் தூங்கினாய். படியேறி ஓடினாய். உங்கப்பா, "பாத்தியா, டெக்னிக் வந்துடுச்சு பையனுக்கு" என்றார். நான் ஆமாம் என்றேன். என் பிள்ளையின் டப்பாவை மாற்றிவிட்டேன், ஊரிலிருந்த மற்ற டப்பாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கிட்டத்தட்ட மூன்று வாரம். தினம் கம்பெனி பஸ் ஏறினேன், லேபில் உட்கார்ந்தேன், வேறு பேட்ச்சுகளைச் சோதித்தேன், வந்து சமைத்தேன். வேலை போனால் என்ன ஆகும், கேஸ் வந்தால் என்ன ஆகும் என்று என்னைப் பற்றி மட்டும் யோசித்தேன்.

பொங்கல் நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை நானும் உங்கப்பாவும் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனோம். சிங்காரப்பேட்டையில் உன் பெரியப்பா வீட்டுக்கு ஒரு கன்று பிடித்துத் தரச் சொல்லியிருந்தார்கள். உங்கப்பா பேரம் பேசப் போய்விட்டார். நான் மாட்டுக் கயிறு விற்கிற ஒரு முஸ்லிம் பாய் கடையில் மூக்கணாங்கயிறு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் மாட்டுக் குளம்பு கிளப்பின புழுதி. முழம் போட்டு அளக்கும்போதே அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. அவருடைய மனைவி பைக்குள் துழாவி ஒரு டப்பாவை எடுத்தார். "காலைல போட மறந்துட்டு வந்தீங்கள்ல. இந்தாங்க, ஒழுங்கா உறிஞ்சுங்க. டாக்டர் என்னா சொன்னாரு? நல்லா வேகமா" என்றார். அவர் கன்னம் ஒட்ட உறிஞ்சி இருமினார். "இன்னும் வேகமா இழுங்க! சின்னப் புள்ளையா நீங்க?" என்று அந்த அம்மா கத்தினார். என்னுடைய வார்த்தைகள், என்னுடைய குரல்.

நான் கையை நீட்டி டப்பாவை வாங்கிப் பார்த்தேன். அதே நம்பர்.

"இது எத்தன நாளா போடறீங்க பாய்?" என்றேன்.

"ரெண்டு மாசமாவுதும்மா. மருந்து நல்ல மருந்துதான். எனக்குத்தான் இழுக்கத் தெரியல. டாக்டரும் அதத்தான் சொல்றாரு. வயசாயிடுச்சு, நெஞ்சுல தெம்பு இல்ல" என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. ஏமாற்றப்பட்ட மனிதர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். தூள் பெரிசா சின்னதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அளக்கிற மெஷின் அவரிடமா இருக்கிறது? என்னிடம் இருந்தது. அவர் பார்க்க முடியாததைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. "இந்த டப்பால ஈரம் பட்ருக்கு பாய், நான் மருந்துக் கம்பெனிலதான் வேல செய்யறேன், இத என்கிட்ட குடுத்துடுங்க, டாக்டர்கிட்ட சொல்லி வேற கம்பெனிது வாங்கிக்கங்க" என்றேன். அவர் நன்றி சொல்லி, கயிற்றில் ஒரு முழம் கூடுதலாக அளந்து கொடுத்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதினேன். பேட்ச் நம்பர், கம்ப்ரஸர், அழுத்தத்தை ஏற்றி ஓட்டியது, வளைவில் தேங்கிய மருந்து, எல்லாம் எழுதினேன். என் பெயரை மட்டும் எழுதவில்லை. மொட்டைக் கடிதம்.

ஆட்கள் வந்தார்கள், சாம்பிள் எடுத்துப்போனார்கள். மிச்சமிருந்த பெட்டிகளைக் கடைகளிலிருந்து திருப்பி எடுக்க உத்தரவானது. கம்பெனி ஒரு சுற்றறிக்கை விட்டது. கடைகளில் சரியாகப் பாதுகாக்காததால் ஈரம் புகுந்துவிட்டது என்று அதில் இருந்தது. கடைக்காரன்மேல் பழி! நான் சந்தையில் சொன்ன அதே பொய், கம்பெனி லெட்டர்ஹெட்டில். உறிஞ்சத் தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்களுக்கு, தப்பு உங்கள்மேல் இல்லை என்று ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. மேனேஜர் வேறு ஊர் யூனிட்டுக்குப் பதவி உயர்வில் போனார்.

முனிராஜுவைத்தான் பிடித்தார்கள். கடிதத்தில் கம்ப்ரஸர் விஷயம் இருந்ததல்லவா, அதை ஃப்ளோரில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னவர் அவர் ஒருத்தர்தான். அவர்தான் எழுதினார் என்று சஸ்பெண்ட் செய்தார்கள். இரண்டு நாள் நான் பேசாமல் இருந்தேன், கண்ணு. எழுதப் படிக்கத் தடுமாறுகிற மனிதர் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க முடியாது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்றாம் நாள் போய், "எழுதினது நான்" என்றேன். என்னிடம் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவரையும் திருப்பி எடுக்கவில்லை. மெஷினைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று காரணத்தை மாற்றிக்கொண்டார்கள். கேட்டில் பார்த்தபோது, "பரவால்ல மேடம், நீங்க சொன்னீங்களே" என்றார். மாலூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். முதல்முதலாக உண்மை பேசியவர் அவர்தான். அவருக்குக் கிடைத்தது அது.

வேலை போனபின் குந்தாரப்பள்ளிக்கு நானே பஸ் பிடித்துப் போனேன், பாயிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று. ஆள் தெம்பாக இருந்தார். புழுதிக்கு நடுவில் நின்று சத்தம்போட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, "வாம்மா! இப்ப எனக்கு இழுக்க வந்துடுச்சு. நல்லாக் கத்துக்கிட்டேன். மாடிப்படி ஏறறேன்" என்றார். பக்கத்தில் அந்த அம்மா, "நான் கத்திக் கத்திப் பழக்குனதுதான்" என்று சிரித்தார். நான் பத்து நிமிஷம் நின்றேன். ஒரு கயிறு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்த மனிதர் தனக்கு இழுக்கத் தெரியாமல் இருந்தது என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்.

உன்னிடம் சொன்ன பொய் ஒன்று மிச்சம் இருக்கிறது. "பையனுக்கு இழுப்பு, பாத்துக்க ஆள் வேணும், அதான் வேலைய உட்டுட்டேன்" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னேன். உன்னிடமும் அதையே சொல்லி வளர்த்தேன். மார்க் குறைந்தால், "உனக்காகத்தானடா வேலைய உட்டேன்" என்று குத்திக்காட்டினேன். நீ பார்மஸி படிக்கச் சேர்ந்தபோதும் உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துப் பேசியபோதும், "எங்கம்மா எனக்காக வேலையை விட்டவங்க" என்று சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கம் என்று நினைத்தார்கள். உனக்காக நான் எதையும் விடவில்லை. உன் வாயில் கெட்ட மருந்தை வைத்து, உள்ளே போகவில்லை என்று நீ சொன்னதற்கு அடித்து, மொட்டைக் கடிதம் வெளிப்பட்டதால் வேலையிழந்தவள் நான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதையெல்லாம் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டேன். அடி வாங்கியது நீ, மன்னிப்பு அவரிடம் வாங்கியிருக்கிறேன். உங்கப்பாவுக்குக்கூட அறைந்தது தெரியாது. இப்போது உன்னிடம் கேட்கிறேன். நீ தராவிட்டால் அதுவும் நியாயம்தான்.

ஆனால் மன்னிப்புக் கேட்கிறேன் என்பதற்காக உன்மேல் உள்ள கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. நான் செய்தபோது என் பிள்ளைக்கே வரும் என்று தெரியாமல் செய்தேன். நீ மூச்சு இழுத்து வளர்ந்தவன். உள்ளே போகாத மருந்து எப்படி இருக்கும் என்று உன் தொண்டைக்கே தெரியும். அப்படிப்பட்ட நீ மூன்றாவது தடவை பாஸ் என்று சிரிக்கிறாய்! "எல்லாக் கம்பெனிலயும் இப்பிடித்தாம்மா" என்று சொல்வாய், தெரியும். எல்லாக் கம்பெனியிலும் இப்படி இல்லை. ஃபெயில் என்று எழுதிவிட்டு அதிலேயே நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால்தான் அந்த இரண்டாவது டப்பா உன்னைப் பிழைக்க வைத்தது. அந்தத் தூளைச் சோதித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் தன் வேலையைச் செய்திருந்தார், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை உங்கப்பா செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து வரும்போது உன் கையில் கொடுப்பார். புதன்கிழமை காலையில் போய் அந்த பேட்ச்சை நிறுத்து. முதல் இரண்டு ரிசல்ட்டையும் கிழிக்காமல் ஃபைலில் வை. உன் ஃப்ளோரில் தூளைத் தொட்டே தெரிந்துகொள்கிற யாராவது ஒருவர் இருப்பார், போய்க் கேள், என்ன ஆனது என்று அவர் சொல்வார். அவர் சொன்னதை அவர் தலையில் கட்டாமல் உன் பெயரில் எழுது. வேலை போனால் போகட்டும். நானும் உங்கப்பாவும் இருக்கிறோம், உன் மனைவியிடம் நானே வந்து பேசுகிறேன்.

நீ நிறுத்தாவிட்டால் நான் நிறுத்துவேன். அதிகாரிகளுக்கு எழுதவேண்டியதை எழுதிவிட்டேன். உன் கம்பெனி பெயர், நீ சாப்பாட்டில் உட்கார்ந்து சொன்ன விவரம், கையெழுத்துப் போட்ட அதிகாரியாக உன் முழுப் பெயர், எல்லாம் அதில் இருக்கிறது. அடியில் என் பெயரையும் நம் வீட்டு முகவரியையும் எழுதி, உன் தாய் என்றும் குறிப்பிட்டிருக்கிறேன். உறையை ஒட்டி மேஜைமேல் வைத்திருக்கிறேன், புதன்கிழமை ராத்திரி வரை அது அங்கேயே இருக்கும். தபாலாபீஸ் வியாழக்கிழமை காலை திறக்கும்.

அம்மா